எட்டு அடுக்கு, நாற்பது ஊக்கு: பழைய சுங்குடியில் மெத்தென்று ஒரு கால்மிதி

வணக்கம் மக்களே. குரல் கொஞ்சம் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று முழுக்கப் பரணில் இருந்த துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன், தூசி தொண்டைக்குள் போய்விட்டது.

இன்று தைக்கப் போவது கட்டிலுக்குப் பக்கத்தில் போடும் கால்மிதி. வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி மாதிரி இல்லை. காலை வைத்தால் மெத்தென்று இருக்க வேண்டும், துவைத்தால் காய வேண்டும், வழுக்கக் கூடாது. யாருக்கு என்றால், அம்மாவுக்கு. எங்கள் வீட்டில் பழைய மொசைக் தரை. மார்கழி, தையில் விடிகாலை நாலரைக்கு அம்மா கட்டிலில் இருந்து காலை இறக்கினால் "ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் வரும். மதுரையில் என்ன பெரிய குளிர் என்று கேட்காதீர்கள். அறுபத்தெட்டு வயது முழங்காலுக்கு மதுரைக் குளிரே போதும்.

முதலில் என்னுடைய தோல்வியைக் காட்டிவிடுகிறேன். இதோ, இதுதான் போன வருஷம் தைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? உள்ளே அரை இன்ச் ஸ்பாஞ்ச் வைத்தேன். மெத்தென்று வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச்தானே என்று நினைத்தேன். முதல் வாரம் ராஜ வாழ்க்கை. ஐப்பசி மழையில் ஒருநாள் துவைத்தேன், மூன்று நாள் கொடியில் தொங்கியும் நடுவில் ஈரம் போகவில்லை. பிழிந்தால் தண்ணீர் வருகிறது, விட்டால் திரும்பவும் புஸ்ஸென்று ஊதிக்கொள்கிறது. நாலாவது நாள் ஒரு வாடை வந்தது பாருங்கள், அதை வீடியோவில் காட்ட முடியாதது உங்கள் அதிர்ஷ்டம். இந்த ஓரத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். ஸ்பாஞ்ச் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. கையில் ரஸ்க் தூள் மாதிரி ஒட்டுகிறது.

இதற்கு முன்னால் ஒன்று தலையணைக்கு வைக்கிற பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்தேன். அது சீக்கிரம் காய்ந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கால் படுகிற இரண்டு இடமும் அப்பளமாகத் தட்டையாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் பஞ்சு புடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் புடைப்பில்தான் அம்மா ஒருநாள் கால் தடுக்கிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே அதை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகவே இந்த முறை உள்ளே துணிதான், அதுவும் பழைய பருத்திச் சேலை. புதுத் துணியில் இந்தப் பதம் வராது. தறியில் ஏற்றும்போது பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், அப்புறம் நாமும் வீட்டில் கஞ்சி போட்டு மொடமொடவென்று கட்டுகிறோம். பத்து இருபது வருஷம் துவைத்துத் துவைத்து அந்த விறைப்பெல்லாம் போய், நூல் தளர்ந்து, நாய்க்குட்டிக் காது மாதிரி ஆன துணி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதுதான் வேண்டும்.

இங்கேதான் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. மூட்டையில் முதலில் கைக்கு வந்தது அப்பத்தாவின் கண்டாங்கி. அவ்வளவு மிருது. அதையே வெட்டலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன், அம்மா ஓடி வந்தார். "போய்ச் சேர்ந்தவங்க சேலையைக் காலில் போட்டு மிதிப்பியா? அறிவிருக்கா உனக்கு?" நியாயம்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. கண்டாங்கி திரும்ப மூட்டைக்குள் போய்விட்டது, அதைப் போர்வையாகத் தைத்துக்கொள்ளலாம். அம்மாவே தன்னுடைய சுங்குடிச் சேலை இரண்டை எடுத்துக் கொடுத்தார். "இது என்னோடது, நான் மிதிச்சுக்கறேன்."

கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். அரக்குச் சிவப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை, 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் கிடைப்பதில் நிறைய அச்சுப் புள்ளிதான், வரிசை பிசகாமல் இருக்கும். பிசகியிருந்தால் சந்தோஷப்படுங்கள்.

சுங்குடியில் ஒரு தொல்லை, சாயம் போகும். இருபது வருஷம் துவைத்த பிறகுமா என்று கேட்டால், ஆமாம், சில சேலைக்குப் போகும். கல் உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். சாயம் போடுகிறபோது உப்புக்கு வேலை உண்டு. துணியில் ஒட்டாமல் நிற்கிற மிச்சச் சாயத்தை அப்புறம் உப்பு பிடித்து வைக்காது. அது போகிற வரை அலசுவதுதான் வழி. சந்தேகம் என்றால் ஓரத்தை நனைத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டையை வைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக அழுத்துங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் சரி. இதோ பாருங்கள், லேசாக ரோஸ் ஏறியிருக்கிறது. இன்னும் இரண்டு அலசல் பாக்கி.

கஞ்சி போட்ட சேலையாக இருந்தால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டுக் கஞ்சி முழுக்கப் போகிற மாதிரி அலசுங்கள். கஞ்சியோடு உள்ளே வைத்துத் தைத்தால் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து வைத்த கணக்கு.

காய்ந்தாயிற்று. இப்போது வெட்டு. முடிகிறபோது கால்மிதி 24க்கு 36 இன்ச் வேண்டும். ஆனால் 26க்கு 38 வெட்டுகிறேன். வரிவரியாகத் தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும், கடைசியில் ஓரத்தைச் சீவவும் கொஞ்சம் வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 216 இன்ச். அகலம் இந்தச் சேலைக்கு 46. நீளவாக்கில் 26, 26ஆக வெட்டிக்கொண்டே போனால் எட்டுத் துண்டு. ஒவ்வொன்றிலும் 46இல் 38 போக எட்டு இன்ச் பட்டை மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஓரம் கட்ட வேண்டும். கொசுவம் வந்த இடமும், குதிகால் உரசும் கீழ்க்கரையும் நைந்துபோய் இரண்டு துண்டு தேறவில்லை. ஆறு போதும்.

அடுக்குகிற முறை இது. கீழே சென்னிமலை பெட்ஷீட் துண்டு ஒன்று, கொஞ்சம் கனம். அதன் மேல் சேலைத் துண்டு ஆறு. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டாவது சேலையில் கிழியாத இடமாகப் பார்த்து எடுத்த ஒன்று. ஆக எட்டு. இதற்கு மேல் போகாதீர்கள். பருத்தி தண்ணீரைக் குடிக்கும், பன்னிரண்டு அடுக்கு வைத்தால் ஸ்பாஞ்ச் கதைதான் திரும்பவும். ஜரிகைக் கரை இருந்தால் கட்டாயம் வெட்டி எடுத்துவிடுங்கள், வெறுங்காலில் உறுத்தும்.

ஒவ்வொரு அடுக்கையும் போட்டதும் உள்ளங்கையால் நடுவில் இருந்து வெளியே நீவிவிட வேண்டும். இப்படி. அவசரப்பட்டால் ஐந்தாவது அடுக்கில் ஒரு சுருக்கம் உட்கார்ந்துகொள்ளும். மேலே தெரியாது, கால் வைத்தால் தெரியும்.

இப்போது ஊக்கு. ஐந்து இன்ச் இடைவெளியில் நடுவில் இருந்து குத்திக்கொண்டே போகிறேன். நாற்பது ஆகிறது. என்னிடம் முப்பத்தாறுதான் இருந்தது, மீதி நாலும் அம்மாவின் வளையலில் இருந்து கழற்றியது. அம்மாவின் வளையலில் எந்த நேரமும் நாலைந்து ஊக்கு தொங்கும், அது எதற்கு என்று இத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன்.

கொஞ்சம் இருங்கள், குக்கர் மூன்றாவது விசில்.

சரி, மெஷினுக்கு வருவோம். என்னுடையது காலால் மிதிக்கிற கறுப்பு மெஷின்தான். ஊசியை மாற்றுங்கள். ரவிக்கை தைத்த அதே ஊசியை எட்டு அடுக்கில் இறக்கினால் டக் டக்கென்று சத்தம் வரும், அப்புறம் முறியும். 16ஆம் நம்பர் புது ஊசி, கனம் அதிகமென்றால் 18. தையலைப் பெரிதாக வையுங்கள், இன்ச்சுக்கு ஏழு போதும். இன்னொன்று, ஊசிக்குப் பக்கத்தில் துணியை மேலே இருந்து பிடிக்கிற தகடுதான் ஃபுட், மெஷின் தலையில் அதை அழுத்தி வைக்கிற திருகு ஒன்று இருக்கும், அதை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். இதை எனக்கு ஒரு பழைய தையல்காரர் சொல்லிக் கொடுத்தார். நடக்கிற விஷயம் என்னவென்றால், கீழே இருக்கிற பல் அடித்துணியை முன்னால் தள்ளும், மேலே ஃபுட் மேல்துணியைப் பிடித்து நிறுத்தும். வரி முடிகிறபோது மேல்துணி அரை இன்ச் நீண்டு நிற்கும், அடித்துணி குட்டையாக இருக்கும். அழுத்தம் குறைந்தால் இந்தச் சண்டையும் குறையும். இதற்கென்றே வாக்கிங் ஃபுட் விற்கிறார்கள், மேலேயும் பல் வைத்தது. நிறையத் தைக்கிறவர்கள் வாங்கலாம், என்னிடம் இல்லை.

அதனால்தான் முதல் வரி நட்டநடுவில். அடுத்தது அதற்கு வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். ஓரத்தில் தொடங்கினால் மிச்சத் துணி எல்லாம் மறு ஓரத்தில் அலையாகக் குவியும். சாக்பீஸால் ஒண்ணேகால் இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன், மொத்தம் இருபது வரிக்குள் முடிந்துவிடும். மெஷின் பக்கத்தில் வருகிற ஊக்கை முன்கூட்டியே கழற்றுங்கள். மேலே ஏறினால் ஊசி போச்சு.

வேடிக்கை பாருங்கள், கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழைய துணித் துண்டுகளை வைத்து ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவில் கொண்டுவந்து முடிப்பார்கள். நான் இப்போது சொன்னதற்கு நேர் எதிர். அதெப்படி அலை விழவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவர்கள் கையால் தைக்கிறார்கள். கைக்குப் பல்லும் கிடையாது, ஃபுட்டும் கிடையாது, எந்த அடுக்கையும் தள்ளாது. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள், அதற்குப் பூ என்று பெயர். அது இல்லாமல் போர்வை முடிந்ததாகாதாம். வங்காளத்துக் காந்தாவும் இதே குடும்பம்தான். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல், நூலைக்கூட அந்தச் சேலைக் கரையில் இருந்தே உருவி எடுப்பார்களாம். காந்தா என்றதும் எனக்கு நம்முடைய கந்தைதான் ஞாபகம் வருகிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள், கட்டி முடித்த பிறகு என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அம்மாவால் மெஷின் மிதிக்க முடியாது, முழங்கால். ஆனால் சும்மா உட்காரவும் மாட்டார். இரண்டு வரிக்கு நடுவில், இதோ இங்கே, பச்சை நூலில் கையால் ஓட்டுத் தையல் போட்டது அவர்தான். என் மெஷின் வரி லேசாகக் கோணியிருக்கிறது, அவர் வரி நூல் பிடித்த மாதிரி நேர். இதை நான் சொல்லாவிட்டால் அவரே கேமராவுக்குள் வந்து சொல்லிவிடுவார்.

ஓரம் கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய பட்டைகளை இரண்டரை இன்ச்சாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டேன். கிராஸ் பீஸ், அதாவது துணியைக் கோணலாக வெட்டி எடுக்கிற பட்டை வேண்டியதில்லை, அது வளைவுக்குத்தான், நமக்கு நேர் ஓரம். பட்டையை இரண்டாக மடித்து மேல்பக்கம் தைத்து, கீழ்ப்பக்கம் திருப்பிக் கையால் முடிக்க வேண்டும். மூலைக்கு வந்ததும் காலை எடுத்துவிடுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அந்த இடத்தில் பதினைந்து அடுக்குக்கு மேல் இருக்கும், மெஷின் முனகும்.

கடைசியாக வழுக்கல். இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். பளபளவென்று டைல்ஸ் போட்ட வீட்டில் அடியில் எதுவும் இல்லாமல் துணிக் கால்மிதி போடுவது வயதானவர்களுக்கு ஆபத்து. பாத்திரக் கடையில் ரப்பர் வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும், நாலு பக்கமும் ஒரு இன்ச் குறைத்து வெட்டி அடியில் விரியுங்கள். சேர்த்துத் தைக்க வேண்டாம், துவைக்கும்போது தனியாக எடுத்துவிடலாம். குளியலறை வாசலுக்கு இது வேண்டாம். நூலும் வலையும் சேர்த்து எனக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது, நாலு சாயங்காலம் வேலை.

இதோ, முடிந்தது. கையை வைத்து அழுத்துகிறேன் பாருங்கள், உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வருகிறது. ஸ்பாஞ்ச் மாதிரி துள்ளாது. வரிக்கு வரி சின்ன மேடு, சின்னப் பள்ளம், அதில் உள்ளங்கால் உட்காரும்போது சுகமாக இருக்கிறது.

இது நேற்று எடுத்தது. இன்று காலை நாலரைக்கு அந்த "ஸ்ஸ்..." கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் தரையில் வலை மட்டும் கிடக்கிறது. கால்மிதி நாலாக மடித்து அம்மாவின் நாற்காலியில் இருக்கிறது, அவர் அதன் மேல் உட்கார்ந்து காபி குடிக்கிறார். "புள்ளி இவ்வளவு நல்லா இருக்கு, இதைப் போய் மிதிக்கச் சொல்றியே."

தரைக்கு இன்னொன்று தைக்க வேண்டும். இந்த முறை என்னுடைய பழைய நைட்டி நாலு ஊறிக்கொண்டிருக்கிறது. அதை மிதிக்க அம்மாவுக்கு எந்தத் தயக்கமும் இல்லையாம், கேட்டுவிட்டேன்.