வரி பூஜ்யம், வம்பு மட்டும் பாக்கி

அவையோருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறையவே எழுதிவிட்டன. பெரும்பாலும் எந்தப் பிரதமர் போனார், யார் வந்தார் என்ற கதைதான். இன்று நான் எடுத்துக்கொண்டது அதற்கு அடியில் நடந்த சண்டைகளை. சாசேஜ், சிப்பி, விரல் நீள மீன் ஒன்று. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அரசாங்கங்கள் மனம் கசந்து போர்க்கப்பல் வரை போனது இந்த மாதிரிச் சரக்குகளை வைத்துத்தான்.

2020 டிசம்பர் 24 அன்று இரு தரப்பும் முடிவுசெய்த வணிக உடன்பாட்டில், விதிப்படி தயாரான பொருள்களுக்குச் சுங்க வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. பிறகு தகராறு எதற்கு? பொருள் எந்த நாட்டில் விளைந்தது, அது தரமானது என்று யார் கையெழுத்துப் போடுவது, எந்த இடத்தில் நிறுத்திச் சோதிப்பது, சண்டை வந்தால் யார் தீர்ப்புச் சொல்வது. இவற்றில் ஒன்றையும் வரிவிலக்கு தீர்த்துவைக்காது.

ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்திலிருந்து பிரான்ஸுக்கு மீனும் இறாலும் போகின்றன. 2020 முடியும் வரை ஒரு டெலிவரி சீட்டு போதும். 2021 ஜனவரியிலிருந்து ஏற்றுமதி அறிக்கை, சரக்குக் குறியீட்டு எண், விளைந்த நாடு பற்றிய உறுதிமொழி எல்லாம் வேண்டும். அதற்கு மேல், அரசு அங்கீகரித்த அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ். கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் இருக்கவேண்டும். பொருந்தாத வரிகளை அடித்து, அடித்த இடத்தில் முத்திரை குத்தவேண்டும். சரக்கு எந்த நாட்டு எல்லையில் நுழைகிறதோ அந்த நாட்டு மொழியிலும் சான்றிதழ் வேண்டும். சரக்கு வருவதை ஐரோப்பியக் கணினி அமைப்பில் முன்கூட்டியே பதியவேண்டும். உணவுச் சோதனைச்சாவடி உள்ள துறைமுகம் வழியாகத்தான் நுழையவேண்டும்.

பெரிய நிறுவனம் லாரி முழுக்க ஒரே மீனை ஏற்றி ஒரே சான்றிதழோடு அனுப்பிவிடும். மாட்டிக்கொண்டது சின்ன வியாபாரி. பத்துப் பேர் சரக்கு ஒரே லாரியில் போகும்போது பத்துப் பேருடைய காகிதமும் சரியாக இருக்கவேண்டும். ஒருவர் தாளில் பிழை என்றால் மற்ற ஒன்பது பேரின் மீனும் அங்கேயே காத்துக் கிடக்கும். மீன் காத்திருக்குமா? 2021 ஜனவரி 18 அன்று கடலுணவு லாரிகள் லண்டனில் பிரதமர் அலுவலகம் இருக்கும் தெருப் பக்கம் வந்து நின்றதற்குப் பின்னணி இதுதான்.

விளைந்த நாடு என்பது இன்னொரு கண்ணி. ஜெர்மனியில் செய்த மிட்டாயை ஒரு பிரிட்டிஷ் கடை வாங்கி, தன் கிடங்கில் வைத்து, அப்படியே அயர்லாந்துக் கிளைக்கு அனுப்புகிறது. ஒன்றியத்தில் செய்த பொருள் ஒன்றியத்துக்கே திரும்புகிறது. ஆனால் பிரிட்டனில் அதற்கு எந்த வேலையும் நடக்கவில்லை என்பதால் அது பிரிட்டிஷ் பொருள் ஆகாது. ஒன்றியத்தை விட்டு வெளியே போய் வந்ததால் ஐரோப்பியச் சலுகையும் போய்விடும். வரி விழும். மின்சாரக் காரிலும் இதே கணக்கு: பேட்டரி ஆசியாவிலிருந்து வந்தால் காரின் மதிப்பில் வெளிநாட்டுப் பங்கு வரம்பைத் தாண்டி 10 சதவீத வரி வரும். இதற்கான கடுமையான விதி 2024இல் அமலாக இருந்தது. இரு பக்கத்துக் கார் நிறுவனங்களும் அலறியதால் 2026 முடியும் வரை தள்ளிப்போட்டார்கள்.

இதெல்லாம் வியாபாரத் தலைவலி. அரசியல் கொதித்தது வட அயர்லாந்தில்.

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. தெற்கே அயர்லாந்துக் குடியரசு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு. நடுவில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நில எல்லை, அதைக் கடக்க இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள். முப்பது ஆண்டு ரத்தக்களறிக்குப் பின் 1998இல் வந்த பெரிய வெள்ளி உடன்படிக்கையின் பலனாக அந்த எல்லையில் இன்று காவல் சாவடி கிடையாது. அங்கே மறுபடி சோதனைச்சாவடி போட யாருக்கும் துணிவில்லை, போடவும் கூடாது. அப்படியானால் மிச்சம் இரண்டே வழி. பிரிட்டன் முழுவதும் ஐரோப்பிய விதிகளின்படியே நடப்பது. இல்லாவிட்டால் வட அயர்லாந்தை மட்டும் ஐரோப்பிய விதிகளில் விட்டு, பிரிட்டன் தன் நாட்டுக்குள்ளேயே, ஐரிஷ் கடலில் கோடு கிழிப்பது. அப்போதைய பிரதமர் தெரசா மே முதல் வழியை ஒட்டிக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தூக்கியெறிந்தது. அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் இரண்டாவது வழிக்கு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு, வட அயர்லாந்து வியாபாரிகளிடம், யாராவது படிவம் கேட்டால் குப்பையில் போடச் சொல்வேன் என்ற பொருளில் பேசினார். பிற்பாடு வந்த கசப்புக்கெல்லாம் விதை அங்கே விழுந்தது என்பது என் கணிப்பு. ஒப்பந்தத்தில் படிவம் இருந்தது. ஜனங்களிடம் இல்லை என்றார்கள்.

சாசேஜுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் பச்சை இறைச்சித் தயாரிப்பு உறையவைத்ததாக இருக்கவேண்டும், வெறும் குளிரூட்டியது கூடாது என்பது ஒன்றியத்தின் நெடுங்கால விதி. பிரேசிலுக்கும் அதுதான். பிரிட்டன் இப்போது வெளிநாடு; வட அயர்லாந்தோ ஐரோப்பிய உணவு விதிக்குள் இருக்கிறது. எனவே விதிப்படி லிவர்பூல் சாசேஜ் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் கடைக்குப் போக முடியாது என்று ஆனது! தன் நாட்டுக்குள் தன் சரக்கே போகக் கூடாதா என்று லண்டன் கேட்டது. நீங்களே ஒப்புக்கொண்ட விதி என்றது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ். இரண்டும் உண்மை. தொட்டிச்செடியும் அப்படித்தான்: வேரில் பிரிட்டன் மண் ஒட்டியிருந்தால் அப்போது தடை. ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்குக்கும் தடை இருந்தது.

ஒன்றியமும் உத்தமர் இல்லை. 2021 ஜனவரி 29 அன்று, கொரோனா தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அவசரத்தில், வட அயர்லாந்து ஒப்பந்தத்தை ஒரு தரப்பே ஓரளவு நிறுத்திவைக்க இடம் தரும் 16ஆம் பிரிவைப் பயன்படுத்துவதாக அறிவித்து, சில மணி நேரத்திலேயே வாபஸ் வாங்கியது. நெருக்கடிக்கென்று பூட்டி வைத்த பிரிவை முதல் மாதமே எடுத்து ஆட்டியது பெரிய தவறு. மார்ச் தொடக்கத்தில் லண்டன், முழுச் சோதனை தொடங்குமுன் கொடுத்திருந்த சலுகைக் காலத்தைத் தன்னிச்சையாக நீட்டியது. அதே மாதம் ஒன்றியம் சட்ட நடவடிக்கை தொடங்கியது. 2022 பிப்ரவரியில் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் ஜனநாயக ஒன்றியக் கட்சி கடல் எல்லையை எதிர்த்து வட அயர்லாந்து ஆட்சியிலிருந்து விலகியது. இரண்டு ஆண்டு அங்கே முழுமையாக இயங்கும் அமைச்சரவை இல்லை.

முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது 2023 பிப்ரவரி 27 அன்று, அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லாயனும் அறிவித்த விண்ட்சர் ஏற்பாட்டில். பச்சைத் தடம், சிவப்புத் தடம் என்று இரண்டு. வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்கு, பதிவுபெற்ற வியாபாரியுடையதாக இருந்தால், குறைந்த காகிதத்தோடு பச்சையில் போகும். தெற்கே போகக்கூடியது சிவப்பில் முழுச் சோதனைக்குப் போகும். பதிலுக்கு உணவுப் பொட்டலங்களில் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று அச்சிடவேண்டும். கொள்கைச் சண்டையை லேபிளில் முடித்தார்கள். நல்ல காரியம்தான்.

மீன் விஷயம் வேறு ரகம். ஜெர்சி என்ற தீவு பிரான்ஸ் கரையை ஒட்டியது. வெளியுறவும் பாதுகாப்பும் லண்டன் பொறுப்பு. அந்தக் கடலில் முன்பு மீன்பிடித்ததைக் காட்டினால்தான் பிரெஞ்சுப் படகுக்கு உரிமம்: 2017 பிப்ரவரி முதல் 2020 ஜனவரி வரையிலான மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஓராண்டில் பத்து நாளுக்கு மேல். 12 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படகுக்குச் செயற்கைக்கோள் கருவி உண்டு, கணக்கு காட்டிவிடும். அதைவிடச் சிறிய படகுக்குக் கருவி கட்டாயமில்லை. எதை வைத்து நிரூபிப்பது? 2021 மே 6 அன்று சுமார் 60 பிரெஞ்சுப் படகுகள் செயின்ட் ஹீலியர் துறைமுகத்தின் முன் திரண்டன. பிரிட்டன் இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. பிரான்ஸும் ரோந்துக் கப்பல்களை அனுப்பியது. ஜெர்சியின் மின்சாரத்தில் 95 சதவீதம் கடலடிக் கேபிளில் பிரான்ஸிலிருந்து வருகிறது. அதை நிறுத்திவிடலாம் என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவரே பேசினார். உரிமத் தாளில் நிரப்ப முடியாத ஒரு கட்டத்துக்காக இவ்வளவும்!

சண்டையை ஒழுங்காகப் போட்டதற்கும் உதாரணம் உண்டு. சாண்ட் ஈல் என்ற சின்ன மீனை யாரும் தட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை. மீன்தூளும் எண்ணெயும் ஆக்குவார்கள். பிடிப்பது பெரும்பாலும் டென்மார்க் படகுகள். பஃபின் போன்ற கடற்பறவைகளுக்கு அதுதான் இரை. பறவைகளைக் காப்பதற்காக 2024 மார்ச்சில் இங்கிலாந்தின் வடகடல் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடலிலும் அதைப் பிடிக்கத் தடை வந்தது. ஒன்றியம் படகு அனுப்பவில்லை. உடன்பாட்டில் சொன்னபடி முதலில் கலந்துபேசக் கேட்டது, ஒத்துவராததால் மூவர் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025இல் தீர்ப்பு வந்தது. அறிவியல் அடிப்படையில் பிரிட்டன் பக்கம் நியாயம். ஆனால் இங்கிலாந்துத் தடையில், ஒன்றியப் படகுகளுக்கு வரும் பாதிப்பைச் சரியாக எடைபோடவில்லை என்ற குறை உண்டு. தடையை எடுக்கத் தேவையில்லை. இந்த உடன்பாட்டின் கீழ் முதல் நடுவர் தீர்ப்பு அது. பத்திரிகைகளில் சாசேஜுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

2025 மே 19 அன்று லண்டனில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்தன. பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 ஜூன் 30 வரை அனுமதி நீடிக்கும். இறைச்சி, பால், செடி விஷயத்தில் பொது ஒப்பந்தம் ஒன்று செய்வது என்றும் முடிவானது. அது வந்தால் சான்றிதழும் சோதனையும் பெருமளவு போய்விடும். அதற்கு ஈடாக, ஒன்றியம் இந்தத் துறையில் விதியை மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ளவேண்டும், செலவில் பங்கு தரவேண்டும், ஐரோப்பியச் சட்டத்துக்கு அர்த்தம் சொல்வதில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் சொல்லே இறுதி. விதி தயாராகும்போது கருத்துச் சொல்லலாம், ஓட்டு கிடையாது.