மேசையில் ஒரு புலிமனிதன்: டி அண்ட் டி-யில் சாபம் பட்ட கதாபாத்திரத்தை என்ன செய்வது?

[திரையில்: மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பாதை, கையால் வரைந்த வரைபடம்]

டி அண்ட் டி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. இன்றைய கதை, கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள். உப்பு மூட்டைகளோடு சில மாட்டு வண்டிகள் ஏறுகின்றன, காவலுக்கு, இன்னும் தொடக்கப் படிகளில் இருக்கும் மூன்றாம் லெவல் கதாபாத்திரங்கள் நான்கு பேர். பாதி வழியில் புதரிலிருந்து ஒரு புலிமனிதன் பாய்ந்து, காட்டில் தடம் பார்க்கும் ரேஞ்சரான பொன்னியின் தோளில் பல்லைப் பதிக்கிறான். கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ, அதாவது உடல் உறுதியால் சாபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டுவது, 13 வேண்டும். பகடையில் விழுந்தது 6, அவள் உடல் உறுதிக்கான 2-ஐக் கூட்டிப் பார்த்தால் 8. தோல்வி.

பொன்னியை ஆடுகிறவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். நீங்கள்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துகிறவர். அடுத்து என்ன?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பின் 2014 மான்ஸ்டர் மேனுவல் என்ற விதிநூலில் இதற்கு விதி இருக்கிறது. ஓநாய், புலி, கரடி, காட்டுப்பன்றி, எலி என ஐந்து வகை விலங்குமனிதர்கள். கடிபட்டவர் சாபத்தை எதிர்க்கலாம், ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். எதிர்த்தால் மற்ற நாளெல்லாம் அவர் அவராகவே இருப்பார், பௌர்ணமி இரவில் மட்டும் விலங்கு மேலே வரும். ஏற்றுக்கொண்டால் நினைத்தபோது உருவம் மாறலாம், ஆனால் குணமும் அந்த விலங்கின் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்த கதாபாத்திரத்தை, சாபம் நீங்கும்வரை, டி.எம். தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி சொல்கிறது.

பல மேசைகளில் தகராறு தொடங்குவது இந்தக் கடைசி வரியில்தான். எதிர்ப்பவர் விஷயத்திலும் பௌர்ணமி வந்ததும் டி.எம். கேரக்டர் ஷீட்டை (கதாபாத்திரத்தின் விவரத் தாளை) வாங்கிக்கொள்கிறார். அவர் கதை சொல்லச் சொல்ல, பொன்னியின் ஆட்டக்காரர் ஒரு மணி நேரம் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விதிப்படி தப்பில்லை. ஆனால் அவர் விளையாட வந்தவர்.

நான் சொல்வது இதுதான்: சாபத்தை எதிர்க்கும் கதாபாத்திரத்தைப் பௌர்ணமி இரவிலும் அவர் கையிலேயே விடுங்கள். ஷீட்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

[திரையில்: ஒரு சிறிய அட்டை. மேலே ‘புலி’, கீழே மூன்று வரிகள்]

இது புலியின் அட்டை. பொன்னியின் லட்சியம், கடன், காதல் எதுவும் இதில் கிடையாது. ‘பசிக்கிறது.’ ‘இது என் எல்லை.’ ‘தீயைக் கண்டால் விலகு.’ அவ்வளவுதான். நண்பர்களைக் கொல் என்று எழுதாதீர்கள். இங்கே நிஜப் புலியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் உதவும். புலி தனியாகத் திரியும், எல்லை வைத்துக்கொள்ளும், பதுங்கியிருந்து கழுத்தைப் பிடிக்கும், அடித்ததைப் புதருக்குள் இழுத்துப்போய் மறைத்துவைத்துத் தின்னும், பெரும்பாலும் மனிதர்களை ஒதுங்கியே போகும். இந்த மூன்று வரிகளை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் அந்த இரவை ஆடட்டும். என்ன ஆகும்? அநேகமாகப் பக்கத்து ஊர்ப் பட்டியில் ஓர் எருமை போகும்.

மறுநாள் காலைதான் எனக்குப் பிடித்த பகுதி. ஈர மண்ணில் காலடித் தடம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே எருமையை இழுத்துப்போன கோடு, மரத்தில் நகக் கீறல். தடம் பார்க்கத் தெரிந்தவள் பொன்னி ஒருத்திதான், அவளையே கூட்டிக்கொண்டு தேடப் போகிறார்கள்! எருமைக்காரர் நஷ்டஈடு கேட்டு ஊரைக் கூட்டுகிறார். யார் கொடுப்பது, எதைச் சொல்லிக் கொடுப்பது? ஒரு சண்டைகூட இல்லாமல் ஒரு முழு அமர்வு ஓடும்.

அவளுக்கு இரவில் நடந்தது நினைவிருக்குமா? நம் ஊர்த் திருவிழாவில் சாமி வந்து ஆடியவர், இறங்கியதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பாரே, அதே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரருக்கு எல்லாம் தெரியும், பொன்னிக்கு எதுவும் தெரியாது. நல்ல ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய தீனி கிடையாது.

[திரையில்: தினசரி நாட்காட்டி, பௌர்ணமித் தாள்]

பௌர்ணமியை எப்படிக் கணக்கு வைப்பது? கற்பனை உலகத்துக்கு மூன்று நிலா, பதினேழு மாதம் என்று சிலர் அட்டவணை போடுவார்கள். எதற்கு? வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமி எல்லாம் போட்டிருக்கும். ஆட்டத்தின் முதல் நாளை அதில் ஒரு தேதியோடு பொருத்திவிட்டால் முடிந்தது. ஏறக்குறைய 29½ நாளுக்கு ஒரு பௌர்ணமி. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அதை மேசைமேல் வையுங்கள். ‘இன்னும் நான்கு நாள்தான், அதற்குள் குன்னூர் போய்ச் சேர்ந்துவிடலாமா?’ என்று அவர்களே கேட்பார்கள்.

மலையில் ஆடினால் ஒரு வக்கீல் கேள்வி கட்டாயம் வரும்: மேகம் மறைத்தால் மாறுவேனா? ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நிலா நாள்கணக்கில் கண்ணில் படாது. திதிதான் கணக்கு, கண்ணில் படுவது கணக்கில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மொத்தக் கூட்டமும் தேவாலாவில் வீடு பார்க்கக் கிளம்பிவிடும்.

சரி, பலம். பெரும்பாலான டி.எம்.களின் கவலை இதுதான். புலிமனிதருக்குப் பலத்தைக் குறிக்கும் ஸ்ட்ரெங்த் 17 ஆகிவிடும், அது பெரிய விஷயமில்லை. மந்திரம் ஏறாத, வெள்ளி பூசாத ஆயுதத் தாக்குதல் எதுவும் உடம்பில் ஏறாது என்பதுதான் உறுத்துகிறது. மூன்றாம் லெவலில் கொள்ளைக்காரர் பத்துப் பேர் வெட்டினாலும் பொன்னிக்குக் கீறல் விழாது. பக்கத்தில் நிற்கும் போர்வீரக் கதாபாத்திரமான ஃபைட்டர் செத்துக்கொண்டிருப்பார்.

2025 மான்ஸ்டர் மேனுவலில் இந்த முழுத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். 2014 விதியில் ஆடுகிறவர்கள், பாதி மனிதர் பாதி புலியான கலப்பு உருவத்திலும் முழுப் புலி உருவத்திலும் மட்டும் பாதிச் சேதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த உருவத்தில் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கட்டும். உடுப்பும் கவசமும் கூடவே உருமாறாது என்று விதியே சொல்கிறது. டிசம்பர் உறைபனியில், விடியற்காலை ஊட்டிப் புல்வெளியில், கிழிந்த துணியோடு ஒருத்தி கண்விழிக்கிறாள் என்றால் அடுத்த காட்சியை நீங்கள் எழுதவே வேண்டாம். இன்னொன்று, அந்தத் தடுப்பு தாக்குதலுக்கு மட்டும்தான். கோடநாடு காட்சிமுனையிலிருந்து விழுந்தால் புலிமனிதருக்கும் முழு அடிதான்.

எதிரிகளுக்கும் விஷயம் பரவும். ஓர் ஆயுதத்துக்கு வெள்ளி பூச 100 பொற்காசு. கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் ஒருவன் மட்டும் அந்தச் செலவைச் செய்திருந்தால் போதும்.

ஏன் புலி, ஏன் ஓநாய் இல்லை? இந்தியாவில் ஓநாய் பெரும்பாலும் வறண்ட சமவெளியில் வாழும் விலங்கு, நீலகிரியின் சோலைக்காட்டில் கொண்டுவந்து விட்டால் ஒட்டாது. தவிர, விதிநூலில் ஓநாய்மனிதர் கெட்டவர், புலிமனிதர் நடுநிலை. அதாவது புலி கொடுமைக்காரன் இல்லை, பசிக்காரன். மேலே சொன்ன அட்டை வேலை செய்வதே அதனால்தான். சிதம்பரத்துப் புலிக்கால் முனிவர் பூப்பறிக்க மரமேற வசதியாகப் புலியின் காலை வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர். புலி உடம்பு என்றாலே கேடு என்று நம் கதைகள் சொல்வதில்லை. ஆனால் ஒரு கண்டிப்பு: நீலகிரியில் வாழும் பழங்குடி மக்களில் யாரையும் இந்தச் சாபத்தின் ஊற்றாகக் காட்டாதீர்கள். அவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

[திரையில்: ‘ரிமூவ் கர்ஸ்’ என்று எழுதிய சுருள்]

சாபத்தை நீக்க ரிமூவ் கர்ஸ் மந்திரம் போதும். பூசாரிக் கதாபாத்திரமான கிளெரிக்குக்கு ஐந்தாம் லெவலிலேயே கிடைத்துவிடும். பிறவியிலேயே புலிமனிதராக இருந்தால் கேட்டதை நடத்தித் தரும் விஷ் மந்திரம் வேண்டும். கடிபட்டவர் விஷயம் இப்படி ஒரு நாள் காலையில் முடிந்துபோனால் சப்பென்றிருக்கும். மந்திரம் பலிக்க இன்னொன்றும் வேண்டும் என்று வையுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கேட்கலாம் என்று உடனே தோன்றும், ஆனால் அதுவரை உங்கள் மேசை தாங்காது. கடித்தவனை உயிரோடு பிடித்து வர வேண்டும் என்று வைத்தால் நன்றாக இருக்கும். இதுவரை கொல்லத் துரத்தியவனை இனிமேல் காப்பாற்றியாக வேண்டும்.

இதெல்லாம் பொன்னியின் ஆட்டக்காரர் சம்மதித்தால்தான். சேவிங் த்ரோ தோற்ற அன்றே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தன் உடம்பு தன் கையில் இல்லாமல் போவது சிலருக்கு விளையாட்டாக இருக்காது. வேண்டாம் என்றால் அது வெறும் காயம், வண்டிகள் ஊட்டிக்குப் போகட்டும்.

கடைசியாக, பொன்னி கலப்பு உருவத்தில் ஒரு சண்டையை ஜெயித்ததும் ஃபைட்டர் தோளைக் காட்டி ‘என்னையும் கடி’ என்பார். அப்போது புத்தகத்தில் உள்ள விதியையே படித்துக் காட்டுங்கள்: கேட்டு வாங்கியவர் சாபத்தை ஏற்றுக்கொண்டவர், குணம் சாய்ந்தால் ஷீட் டி.எம். கைக்கு வரலாம். அதற்கும் சரி என்றால் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு கதாபாத்திரம் எழுதச் சொல்லுங்கள்.