‘ஓகே’ என்பது சம்மதமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஓகே’ என்பது சம்மதமா, தட்டிக்கழித்தலா என்பது தலைப்பு. சம்மதமே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவரோ, “எழுத்துப்பிழையில் பிறந்த, ஊர் பேர் தெரியாத சொல்லை எப்படி நம்புவது?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார். அந்தக் கைதட்டலை வட்டியோடு திரும்பப் பெறாமல் நான் நகர்வதாக இல்லை.

ஊர் பேர் தெரியாததா? ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். அச்சேறிய நாள் 1839 மார்ச் 23. ஏடு ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’. நம்மில் பலருடைய பாட்டனாரின் பிறந்த தேதிகூட இவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது!

பிழை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதையும் சுருக்கிச் சிரிப்பது அன்றைய பாஸ்டன் பத்திரிகைகளின் விளையாட்டு. ‘ஆல் கரெக்ட்’ என்பதன் முதல் எழுத்துகள் ஏ, சி. அவர்கள் எழுதியதோ ஓ, கே. அதாவது, ‘எல்லாம் சரி’ என்று சொல்ல வந்த இரண்டு எழுத்துகளில் ஒன்றுகூடச் சரியில்லை! மறுபடியும் சொல்கிறேன் நடுவர் அவர்களே, இரண்டே எழுத்து, இரண்டும் தப்பு, பொருள் மட்டும் ‘எல்லாம் சரி’!

மறு ஆண்டே அது தேர்தலில் இறங்கியது. கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்த அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்டு கிண்டர்ஹூக்’, சுருக்கமாக ஓ, கே, என்று அழைத்த ஆதரவாளர்கள், ஓகே மன்றங்கள் அமைத்து வாக்குக் கேட்டார்கள். அவர் தோற்றார், சொல் வென்றது. இந்தப் பிறப்புக் கதையை 1960-களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் பழைய பத்திரிகைகளைத் துருவித் துருவி நிறுவினார்.

தலைப்புக்கு வருகிறேன், நேரம்தான் இல்லை.

தந்தை வாங்கித் தந்த வேலையை விடப்போவதாக அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். மூன்று நாள் பதிலே இல்லை. நான்காம் நாள் ‘ஓ’ என்று ஓர் எழுத்து வந்தது. கோபத்தில் ‘ஓ’ என்கிறார் என்று நடுங்கினேன். தட்டச்சுப் பழகாத விரல் அல்லவா, பத்து நிமிடம் கழித்துத்தான் ‘கே’ வந்தது. இன்று அவர் இல்லை. அந்த இரண்டு செய்திகளும் என் கைபேசியில் இருக்கின்றன. எதிரணித் தலைவர் வந்து பார்த்து, அது தட்டிக்கழித்தல்தான் என்று சொல்லட்டும், நான் அமர்ந்துவிடுகிறேன்.