வளைந்த மலையும் பாறையின் காந்தமும்

நேயர்களுக்கு வணக்கம். கைக்கெட்டும் இடத்தில் உலக வரைபடம் இருந்தால் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். சிலி நாட்டில் தெற்கு வடக்காக நேரே ஓடிவரும் கரை, ஆரிகா துறைமுகத்தை எட்டியதும் சட்டென்று வடமேற்கே திரும்பிப் பெருவுக்குள் போகிறது. கரையை ஒட்டி வரும் ஆண்டிஸ் மலைத்தொடரும் அங்கேயே வளைகிறது. இந்த மலை வளைந்தே பிறந்ததா, பிறந்த பிறகு வளைந்ததா?

கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1955-ல் டாஸ்மேனியாவில் இருந்த வாரன் கேரி என்ற நிலவியலாளர், வளைந்த மலைத்தொடர்கள் பல பின்னால் வளைந்தவையே என்று எழுதினார். பூமியே நாளுக்கு நாள் பெருத்து வருகிறது என்றும் அவர் வாதாடினார், அது எடுபடவில்லை. மலை வளைந்த கதை மட்டும் நிலைத்தது. பாறைகளை எடுத்து அளந்து பார்த்ததால் நிலைத்தது.

எதை அளந்தார்கள்? எரிமலைக் குழம்பு ஆறும்போது அதில் உள்ள மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம் ஏறக்குறைய 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே வந்ததும், அன்றைய பூமிக் காந்தப்புலத்தின் திசையை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்து இறுகிய பிறகு அதை விடுவதில்லை. சூளையில் வெந்த செங்கல்லிலும் இதுதான் நடக்கிறது. செந்நிற மணற்பாறைகளில் ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமம் இந்த வேலையைச் செய்கிறது.

பாறையில் உறைந்த அந்தத் திசையை ஒரு காந்த ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஊசி தரையை நோக்கி எவ்வளவு சாய்கிறது என்பது. காந்த நடுக்கோட்டில் அது படுத்தே கிடக்கும். தமிழ்நாட்டின் தென்கோடியில் கிட்டத்தட்ட அப்படித்தான். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். ஆகவே சாய்வைக் கொண்டு, பாறை உருவான இடத்தின் அட்சரேகையைக் கணக்கிடலாம். இன்னொன்று, ஊசி வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. மலையின் வளைவை ஆராய்பவருக்கு இதுதான் முக்கியம். பாறை இருக்கும் நிலத்துண்டு 30 டிகிரி திரும்பியிருந்தால், அதற்குள் உறைந்த ஊசியும் 30 டிகிரி திரும்பியிருக்கும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. வேலை அப்படி இல்லை. வைரமுனைத் துளைப்பானைத் தோளில் சுமந்து மலையேறி, தண்ணீர் விட்டுக்கொண்டே விரல் நீளத்துக்குப் பாறை உருளைகளை வெட்டி எடுக்க வேண்டும். பிடுங்குவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் திசையைக் குறிக்க வேண்டும். அதற்குச் சாதாரண திசைகாட்டியை எப்போதும் நம்ப முடியாது. எரிமலைப் பாறையின் காந்தமே அதன் முள்ளை இழுத்துவிடும். அதனால் சூரிய நிழலை வைத்தும் திசை பார்ப்பார்கள். ஒரே ஒரு குழம்பு அடுக்கும் போதாது. பூமியின் காந்தப்புலம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அலைவதால், பல அடுக்குகளை அளந்து சராசரி எடுத்தாக வேண்டும். அப்புறம் ஆய்வகத்தில், வெளிக் காந்தம் நுழையாத அடுப்பில் படிப்படியாகச் சூடேற்றி, பிற்காலத்தில் மேலே படிந்த காந்தத்தை நீக்க வேண்டும். மீதி நிற்பது பழைய காந்தமா?

இதற்கு ஜான் கிரஹாம் என்ற அமெரிக்கர் 1949-ல் ஒரு சோதனை சொன்னார். மடிப்பு விழுந்த பாறை அடுக்கின் இரு பக்கங்களிலும் மாதிரி எடுங்கள். இன்றுள்ள நிலையில் காந்தத் திசைகள் ஆளுக்கொரு பக்கம் காட்டலாம். கணக்கில் அந்த மடிப்பைப் பிரித்து, அடுக்கைப் பழையபடி தட்டையாக்குங்கள். திசைகள் ஒன்றுகூடினால், மலை மடிவதற்கு முன்பே காந்தம் ஏறிவிட்டது என்று பொருள். மாறாக, தட்டையாக்கும்போது திசைகள் சிதறினால் அது மடிந்த பிறகு ஏறியது. இதற்கென்று தனிக் கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

சரி, ஆண்டிஸ் என்ன சொன்னது? ஆரிகாவுக்கு வடக்கே, தெற்குப் பெருவில், பாறைகள் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திரும்பியிருந்தன. தெற்கே, வடக்குச் சிலியில், கடிகாரத் திசையிலேயே திரும்பியிருந்தன. பல இடங்களில் 30 டிகிரிக்கும் மேல். மலை வளைந்தே பிறந்திருந்தால் இரு பக்கமும் ஒரே திசையைக் காட்டியிருக்க வேண்டும். ஆக, வளைவின் பெரும்பகுதி பின்னால் வந்தது.

காரணமும் ஓரளவு புரிகிறது. பசிபிக் கடலடியில் உள்ள நாஸ்கா தட்டு (பூமியின் மேல்பரப்பு பிரிந்திருக்கும், நகரும் பெருந்துண்டுகளில் ஒன்று) கண்டத்துக்கு அடியில் செருகிச் செல்லும்போது, பொலிவியாவை ஒட்டிய நடுப்பகுதியில் நிலம் மிக அதிகமாக நெருக்கப்பட்டுக் குறுகியது. அங்கே பூமியின் மேலோடு சில இடங்களில் 70 கிலோமீட்டர் வரை தடித்திருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் நெருக்கம் குறைவு. நடு உள்ளே போனது. மலையின் இரு கைகளும் எதிரெதிராகத் திரும்பின. வடக்குச் சிலியில் ஒரு கோடி ஆண்டுக்கு உட்பட்ட எரிமலைப் பாறைகளில் திருப்பம் அநேகமாக இல்லை. அந்தப் பக்கம் வளைவு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆனால் திரும்பிய பாறை எல்லாமே வளைந்த மலையின் சாட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்கே உள்ள மலைகள் சுமார் 90 டிகிரி திரும்பிவிட்டன. அங்கே இரு தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும்போது, நடுவில் சிக்கிய துண்டு உருண்டது. ஓரிடத்து அளவை வைத்துக்கொண்டு ஒரு மலைத்தொடருக்கே வரலாறு எழுதுவதை நான் நம்புவதில்லை. நூற்றுக்கணக்கான இடங்கள் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண்டமே திரும்பியிருக்கலாம். தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் பழையவை. அவற்றை 1950-களில் அளந்தபோது, இந்தியா அன்று நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதொலைவில் இருந்தது தெரிந்தது. கண்டம் நகரவே இல்லை என்று பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதோடு, அதற்குப் பிறகு இந்தியா முழுவதுமே கடிகாரத்துக்கு எதிராகச் சற்றுத் திரும்பியிருக்கிறது. இமயமலையில் ஒரு பாறை திரும்பியிருக்கிறது என்று சொல்பவர், முதலில் இந்தக் கண்டத்தின் திருப்பத்தைக் கழித்தாக வேண்டும்.

பாறைக் காந்தம் சொல்லாத விஷயங்களும் உண்டு. தீர்க்கரேகையை அது தராது. உயரத்தையும் தராது. பொலிவியாவின் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எப்போது அவ்வளவு உயர்ந்தது என்பதற்குப் புதைந்த இலைகளையும் பழைய மழைநீரின் ஆக்சிஜன் தடயங்களையும்தான் தேடிப்போகிறார்கள். அந்தக் கணக்கில் அவர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நன்றி, வணக்கம்.