பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்க

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்ங்க.

இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான் ஃபோலியோ. சுவடி ஆய்வாளருக்கு அது ஓர் ஏடு. முன்புறம், பின்புறம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண். அச்சகத்தாருக்கு ஒருமுறை மடித்த தாள். அதில் நான்கு பக்கம் வரும். பெரிய ஓட்டலில் தங்கினால் உங்கள் அறைக் கணக்குக்கும் அதே பேர்தான்.

கணக்குப்பிள்ளைக்கு அது பேரேட்டுப் பக்க எண், அதாவது லெட்ஜரில் அந்தக் கணக்கு இருக்கும் பக்கம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு வரவைப் பேரேட்டின் 46-ஆம் பக்கத்தில் ஏற்றினால், அந்த வரவை முதலில் எழுதிய குறிப்பேட்டின் ஒடுக்கமான கட்டத்தில் 46 என்று போட வேண்டும். ஏற்றிய பிறகுதான் போட வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் எண்களை முதலில் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். நடுவில் போன் வந்தால் ஒரு பதிவு விட்டுப்போகும், கட்டமோ ஏற்றியாச்சு என்று சொல்லும். பற்று, வரவு இரண்டில் ஒன்று விட்டால் இருப்பாய்வு, அதாவது இரண்டு பக்கமும் கூட்டிச் சரிபார்க்கும் பட்டியல், இடிக்கும், தேடலாம். இரண்டுமே விட்டால் கணக்கு நேராகிவிடும், அதுதான் ஆபத்து.

அதிகக் குழப்பம் பழைய மில் பங்குப் பத்திரங்களில்தான். அதில் மூன்று வகை எண்கள் உண்டு: பத்திர எண், பங்குகளின் வரிசை எண்கள், ஃபோலியோ எண். கம்பெனிப் பதிவேட்டில் பங்குதாரரின் கணக்கு எண்தான் ஃபோலியோ. ஒருவரிடம் ஐந்து பத்திரம் இருந்தாலும் ஐந்துக்கும் ஒரே ஃபோலியோ இருக்கலாம். பங்கு கைமாறியிருந்தால் முன்பக்க எண் பழைய சொந்தக்காரருடையது. பின்பக்கத்தைத் திருப்பி, கடைசியாக மாற்றிய வரியில் இருக்கும் எண்ணை எடுங்க. இதைக் கவனிக்காமல் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்குக் கடிதம் எழுதி, பதில் வரலையே என்று காத்திருப்பவர்கள் அதிகம்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல்: ஒரு பத்திரத்தில் ராமசாமி, இன்னொன்றில் ராமசாமிக் கவுண்டர் என்று இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபோலியோ ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் பான், முகவரி, வங்கி விவரம் ஐஎஸ்ஆர்-1 படிவத்தில் பங்குப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்து மாறியிருந்தால் வங்கிச் சான்றோடு ஐஎஸ்ஆர்-2 படிவம்.

2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கை விற்றுப் பெயர் மாற்றும் வழக்கமான வழி நின்றுவிட்டது. காகிதமில்லாத மின்னணுக் கணக்கான டீமேட்டுக்கு மாற்றித்தான் விற்க வேண்டும். இறந்தவர் பங்கை வாரிசுக்கு மாற்றத் தடையில்லை. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்கே மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்கு (ஐஇபிஎஃப்) போயிருக்கும். ஐஇபிஎஃப்-5 படிவத்தை இணையத்தில் நிரப்பித் திரும்பக் கேட்கலாம்ங்க.