ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், நம் பையிலிருந்தா?

(டாலஸ் பக்கத்தில் நம் சங்க ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். நடுவில் மைக் இரண்டு முறை போனது, அதை மட்டும் விட்டுவிட்டேன்.)

அனைவருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, சென்னையிலிருந்து நேற்றுத்தான் வந்திறங்கி, தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, இந்த மண்டப வாடகையில் பாதியைச் சத்தமில்லாமல் கட்டிய மருத்துவர் ஐயா அவர்களே (சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்), சமையலறையில் இன்னும் வடை போட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவர்களை மோப்பம் பிடித்துப் பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் நண்பர்களே! யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதி, மரியாதைக் குறைவு இல்லை. அட, நகர மன்றத்திலிருந்து வந்திருக்கும் விருந்தினர் அம்மையார் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். நான் பேசுவதை மருமகப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார், கொஞ்சம் மென்மையாக மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தலைப்பு இளைஞர் அணித் தம்பிகள் கொடுத்தது. கல்லூரியில் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான்), பாஸ்கெட்பால் ஆடுகிற பிள்ளைகளுக்குக் காசு கொடுக்க முன்னாள் மாணவர்கள் கைகொடுக்க வேண்டுமா? இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இந்த நாட்டில் எம்.எஸ். படித்தவர்கள். எல்லோருக்கும் படித்த கல்லூரியிலிருந்து நன்கொடை கேட்டு அந்த ஃபோன் வருகிறது. முன்பெல்லாம் நூலகத்துக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு என்று கேட்பார்கள். இப்போது "நம் அணி போட்டியில் நிலைக்க" என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கும் வந்தது. ஒரு சின்னப் பெண், பாவம், எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். எங்கள் அப்பத்தா ஒன்று சொல்வார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இப்போது உங்கள் தலையில் கட்டப் போகிறேன்.

மூன்று விஷயம் பேசுகிறேன். ஆடுகிற பிள்ளைக்குக் காசு கொடுப்பது நியாயமா? அதை நாம் கொடுக்க வேண்டுமா? அப்புறம், பெண்கள் விளையாட்டு என்ன ஆகும்?

முதல் கேள்விக்கு என் பதில்: கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி, வேலையில் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற இழப்பீட்டைக் கேட்டு வழக்குப் போட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை, எனவே அவர் வேலைக்காரர் இல்லை என்றது. அன்றைக்கு அது வியாபாரமா இல்லையா என்று வாதாடலாம். இன்றைக்கு சனிக்கிழமை டிவியைப் போட்டுவிட்டு அந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்! யு.சி.எல்.ஏ.வில் ஆடிய எட் ஓபேனன் ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு பொம்மை ஆடுவதைப் பார்த்து 2009-ல் வழக்குப் போட்டார். 2021-ல், ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதற்கு வைத்த வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம், கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் ஜூலையிலிருந்து பெயர், முகம், புகழ் இவற்றை வைத்து ஆட்டக்காரர்கள் சம்பாதிக்கலாம் என்றார்கள், அதுதான் என்.ஐ.எல். 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அந்த ஜூலை முதல் பல்கலைக்கழகமே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். முன்பு ஆடியவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட பழைய பாக்கிக்குப் பத்து வருடத்தில் சுமார் 2.8 பில்லியன். ஆக, கொடுக்கலாமா என்ற கேள்வி முடிந்துபோனது. யார் கொடுப்பது என்பதுதான் மிச்சம்.

இங்கேதான் உள்ளூர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். நீளமான கதை, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேயில் போகும்போது எஸ்.எம்.யூ.வைப் பார்த்திருப்பீர்கள். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். சின்ன, பணக்கார, தனியார் கல்லூரி. எழுபதுகளின் கடைசியில் அவர்களுக்கு ஓர் ஆசை வந்தது: ஆஸ்டின்காரனையும் ஏ அண்ட் எம்-காரனையும் (இரண்டும் நம் மாநிலத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள்) ஃபுட்பாலில் அடிக்க வேண்டும். டாலஸ் எண்ணெய்ப் பணம், நிலப் பணம் எல்லாம் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் கையில். அப்போது எரிக் டிக்கர்சன் என்ற ஹைஸ்கூல் பையன், மானைப் போல ஓடுவான், மாநிலமே அவன் வீட்டு வாசலில் நின்றது. திடீரென்று அவன் பொன் நிறத்தில் ஒரு டிரான்ஸ் ஆம் கார் ஓட்டுகிறான். கார் எங்கிருந்து வந்தது? பாட்டி வாங்கிக் கொடுத்தார் என்றார்கள். (சிரிக்காதீர்கள், நம் ஊர்ப் பாட்டிகளும் கல்லாப்பெட்டிச் சாவி வைத்திருப்பவர்கள்தான்.) ஏ அண்ட் எம்-காரர்கள் வாங்கிக் கொடுத்ததாகத்தான் ஊர் பேசியது. பையன் கடைசியில் சேர்ந்தது எஸ்.எம்.யூ.வில்! காரும் கூடவே வந்தது.

1982-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஒன்று மட்டும் சமன். ஊரே கொண்டாட்டம். உள்ளே பழைய மாணவர்கள் சிலர் ஆட்டக்காரர்களுக்கு மாதாமாதம் ரொக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1985-ல் என்.சி.ஏ.ஏ. பிடித்துத் தண்டித்தது. நிறுத்தினார்களா? இல்லை. பையன்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, நிறுத்தினால் வாயைத் திறந்துவிடுவார்கள், எனவே அவர்கள் படித்து முடிக்கிறவரை கொடுத்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1986 நவம்பரில் ஒரு பழைய ஆட்டக்காரர் உள்ளூர் எட்டாம் சேனலில் உட்கார்ந்து தான் வாங்கிய காசைச் சொல்லிவிட்டார். செய்தியாளர் விடவில்லை. பணம் வந்த உறை ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லூரி அதிகாரிகள் முன்னால் போய் உட்கார்ந்தார், கேமரா ஓடுகிறது. உறையை நீட்டி, எழுத்து உங்களுடையதுதானே என்று ஒருவரைக் கேட்டார். மனிதர் முதலில் ஒப்புக்கொள்கிற மாதிரி பேசினார், அப்புறம் இல்லை என்றார். அந்த ஒரு நிமிடம் போதும், ஆட்டம் முடிந்தது.

1987 சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. மரண தண்டனை என்றே அதற்குப் பெயர். அடுத்த வருடத்தைக் கல்லூரியே ரத்து செய்துகொண்டது. இன்னும் இருக்கிறது. அப்போது புதிதாகப் பதவியேற்ற நம் மாநில கவர்னர் பில் கிளெமென்ட்ஸ், அந்தக் கல்லூரியின் ஆட்சிக் குழுத் தலைவராகவும் இருந்தவர், பணம் கொடுப்பதைத் தொடரலாம் என்ற முடிவில் தனக்கும் பங்கு உண்டு என்று 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். கவர்னரே! நம் ஊர் அரசியலைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரி, தண்டனைக்குக் காரணமான தொகை எவ்வளவு? 13 பேருக்குச் சுமார் 61,000 டாலர். இன்று சட்டப்படி கொடுக்கிற வருட வரம்பு அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல்.

எஸ்.எம்.யூ. மறுபடி ஒரு பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிந்து நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் ஆட்டம்) போக 2009 ஆனது. 2023-ல் ஏ.சி.சி. என்ற பெரிய அணிகளின் கூட்டமைப்பில் சேர இடம் கிடைத்தது, ஒன்பது வருடம் டிவி வருமானத்தில் பங்கு வேண்டாம் என்ற நிபந்தனையோடு. பழைய மாணவர்களும் ஆதரவாளர்களும் ஒரே வாரத்தில் 100 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தார்கள். 2024-ல் முதல் வருடமே பிளேஆஃப், அதாவது தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று. அன்றைக்கு உறைக்குள் போன பணம் இன்றைக்குச் செக்காகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் ஆற்றிலே போட்டார்கள், அளக்காமல் போட்டார்கள், முதல் தடவை ஆறு அடித்துக்கொண்டு போனது.

இரண்டாவது கேள்வி. எனக்கு இதில் ஒளிவுமறைவு இல்லை: சம்பளம் கொடுக்க வேண்டியது சம்பாதிக்கிறவன். டிவிக்கு விற்பது பல்கலைக்கழகம், டிக்கெட் விற்பது பல்கலைக்கழகம், சட்டை விற்பது பல்கலைக்கழகம். கல்யாணச் சமையலுக்குப் பணத்தை வாங்கிக்கொண்ட காண்டிராக்டர், சமையல்காரருக்குக் கூலி கொடுக்க மொய் எழுத வந்தவர்களிடம் தட்டை நீட்டினால் என்ன சொல்வீர்கள்? டென்னசி பல்கலைக்கழகத்தில் டிக்கெட் விலையில் 10 சதவீதம் கூட்டி ஆட்டக்காரர்களுக்கு என்றார்கள். பார்க்க வருகிறவன் கொடுக்கிறான், அதுகூட ஒரு நியாயம். பார்க்காத என்னிடம் ஏன்?

காசு இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தப்படி, வேலை செய்யாமல் இருப்பதற்கு அவருக்குச் சுமார் 76 மில்லியன் டாலர். அது விளையாட்டுத் துறையிலிருந்தும் அதற்கு நன்கொடை திரட்டும் டுவெல்த் மேன் ஃபவுண்டேஷனிலிருந்தும் வரும் என்றார்கள். அதாவது பழைய மாணவர்களின் நன்கொடையும் அதில் உண்டு. இங்கே ஏ அண்ட் எம்-காரர்கள் நாலு பேர் இருக்கிறீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

தம்பி ஒருவர் போன வாரம் என்னோடு சண்டை போட்டார். "அண்ணா, நான் சம்பாதித்த காசு, என் டீம் ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம், இதில் உங்களுக்கு என்ன?" நியாயமான கேள்விதான். டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த பழைய ஆட்டக்காரர், கோடி கேம்ப்பெல் என்பவர், அள்ளிக் கொடுக்கிறார். 2024-ல் சாஃப்ட்பால் பந்து வீசும் நைஜரி கனேடிக்கு அவர்கள் ஆதரவாளர் குழு ஒரு மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது, அடுத்த வருடம் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. நம் தம்பிகள் இருநூறு டாலர் கொடுத்தால் அந்த ஆற்றில் ஒரு சொட்டு. வரிச் சலுகையும் எதிர்பார்க்காதீர்கள். ஆட்டக்காரர்களுக்குக் காசு சேர்க்கும் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் தர்ம ஸ்தாபனம் ஆகாது என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2023-லேயே எழுதிவிட்டது. சந்தோஷத்துக்குக் கொடுக்கிறீர்களா, கொடுங்கள். தர்மம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

டிவி போகாத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் பழைய மாணவன் வேண்டும். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஆடி 2007-லும் 2008-லும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வாங்கினார். 2007 இறுதியில் அவரிடம் தோற்றவர் ஜான் இஸ்னர்! கல்லூரி டென்னிஸுக்கு எந்த டிவி பணம் கொடுக்கிறது? புதிய செலவு வந்ததும் முதலில் கத்தி விழுவது அங்கேதான். 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியையே மூடியது, ஹவுஸ் சமரசத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. ஸ்டான்ஃபோர்டு 2020-ல் பதினொரு விளையாட்டுகளை மூடப்போவதாக அறிவித்தபோது பழைய மாணவர்கள் திரண்டார்கள், அடுத்த மே மாதம் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இதைத்தான் நான் கைகொடுப்பது என்கிறேன். நம் பிள்ளைகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தால், வேலைக்கு அதில் கட்டுப்பாடு இருப்பதால், இந்த என்.ஐ.எல். காசையும் சுலபமாகத் தொட முடியாது. கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் சிப்வே 2022-ல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது!

இப்போது என் பழைய பாட்டுக்கு வருகிறேன், தெரிந்தவர்கள் ஏற்கனவே சிரிக்கிறீர்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு எவ்வளவு வேண்டியிருந்தது? 6 மில்லியன் டாலர். இரண்டு மருத்துவர்கள், ஜானகிராமன் ஐயாவும் சம்பந்தம் ஐயாவும், ஒரு மில்லியனோடு தொடங்கி வைக்க, தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுக்க, ஊர் ஊராக நாம் உண்டியல் குலுக்கிச் சேர்த்தோம். ஒரு கோச்சை வீட்டுக்கு அனுப்பிய காசில் பன்னிரண்டு ஹார்வர்டு இருக்கை வைத்து, மீதியில் விருந்தும் போடலாம்! (இங்கே கைதட்டல் வந்தது, எழுதாமல் விட மனசு வரவில்லை.) ஹூஸ்டனில் நம் மக்கள் அதே வேலையைச் செய்தார்கள். இங்கே? நம் பிள்ளைகள் ஞாயிறு வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள், சிலர் ஹைஸ்கூல் கிரெடிட்டும் வாங்குகிறார்கள், பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போனதும் தமிழ் நின்றுபோகிறது. வட டெக்ஸஸில் ஒரு பல்கலைக்கழகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்பது இருக்கை இல்லை, ஓர் ஆசிரியர், இரண்டு வகுப்பு. அளந்து போடு என்று அப்பத்தா சொன்னது கஞ்சத்தனம் இல்லை ஐயா, போட்டது எங்கே போகிறது என்று பார் என்று அர்த்தம். இருநூறு டாலர் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, பெண்கள் விளையாட்டு என்று சொன்னேன். பழைய பாக்கிப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள், அது தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டிய விஷயம். செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். முதல்வர் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் அதை அவரே பேசுவார்.

வாசல் பக்கம் நீல விரிப்புப் போட்ட மேஜையில் அந்தத் தமிழ் வகுப்புக்கான நன்கொடைப் படிவம் இருக்கிறது. உங்கள் கம்பெனி இணைத்தொகை (நீங்கள் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனி போடும் பணம்) கொடுக்குமா என்று கேட்டு, அந்தக் கட்டத்தையும் நிரப்புங்கள், பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறீர்கள். பேனா இல்லாதவர்களுக்கு மருத்துவர் ஐயா தருவார். வடை ரெடியாம், போங்கள். படிவம் நிரப்பிவிட்டுப் போங்கள்.