அப்பாவின் தலையசைப்புக்குக் காத்திருக்கும் காதல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மறைத்து வாழும் ஒருபால் காதலைச் சொல்லும் படத்துக்குக் குடும்பம் ஏற்றுக்கொள்வதே சிறந்த முடிவு என்று எதிரணித் தலைவர் உருகி உருகிப் பேசினார். அந்தக் காட்சியில் நானும் கண்கலங்குபவன்தான். ஆனாலும் அது சிறந்த முடிவு என்பதை மறுக்கவே எழுந்திருக்கிறேன்.

ஆங் லீ 1993இல் இயக்கிய 'த வெட்டிங் பேங்க்வெட்' படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் காதலன் சைமனோடு வாழும் தைவான் இளைஞன், பெற்றோரின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு பெண்ணைப் பெயரளவுக்குத் திருமணம் செய்துகொள்கிறான். அவள் கருவுறுகிறாள். மகன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட, அப்பாவின் காதுக்குப் போகக்கூடாது என்கிறாள் அம்மா. அப்பாவோ எல்லாவற்றையும் எப்போதோ கண்டுகொண்டவர். சைமனைத் தனியே பார்த்துச் சிவப்பு உறையில் பணம் கொடுக்கிறார், யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொள்கிறார். இத்தனை நாள் தெரியாதவர்போல் ஏன் இருந்தார்? பொய்யை ஓடவிட்டால்தானே பேரக்குழந்தை கிடைக்கும்! எதிரணியினர் இதை ஏற்பு என்கிறார்கள். எனக்கு இது பேரமாகத்தான் தெரிகிறது. வாரிசு உறுதியான பிறகு கதவு திறக்கிறது, திறந்த பிறகும் ரகசியம் ரகசியமாகவே நீடிக்கிறது. இதைப் பூசி மெழுகாமல் காட்டியதால்தான் அது நல்ல படம்.

"அந்தக் காலத்தில் இந்தக் காதலுக்குத் திரையில் இடமே இல்லை, இன்று பெற்றோரே அணைத்துக்கொள்கிறார்கள். இது வளர்ச்சி இல்லையா?" என்று கேட்டார் எதிரணித் தோழி. வளர்ச்சிதான். 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த ஹேய்ஸ் விதிகள் என்ற திரைப்படத் தணிக்கை விதிகள், இப்படியொரு காதலைக் குறிப்பாக உணர்த்தக்கூட அனுமதிக்கவில்லை. அதற்காக, தடைக்கு மாற்று அப்பாவின் அனுமதி ஒன்றே என்று ஆகிவிடுமா? ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1971இல் வெளியான 'மாரிஸ்' நாவல், ஆண்கள் இருவரின் காதலைச் சொல்வது; 1987இல் படமானது. காதலர் இருவரும் சேர்கிறார்கள். எந்தத் தாயும் ஆசி கூறவில்லை, எந்தத் தந்தையும் தோளில் தட்டவில்லை. அதுவும் இன்பமான முடிவுதான், தோழி!

2023இல் வந்த மலையாளப் படம் 'காதல் – தி கோர்' இன்னும் கூர்மையானது. மகனின் மனம் ஆண்களையே நாடுகிறது என்று தெரிந்தே அவனுக்குத் திருமணம் செய்துவைத்தவர் தந்தை. மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகிறாள். பிறகு தந்தை உடைந்து அழ, நாமும் சேர்ந்து அழுகிறோம். அழலாம். ஆனால் ஓமனாவின் அத்தனை ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? ஏற்றுக்கொண்டவர் என்று நாம் கொண்டாடும் மனிதர்தானே மறைக்கவும் வைத்தவர்? தாமதமாக மனம் மாறியவருக்கு மாலை போடுகிறோம். வழக்குத் தொடுக்கும் துணிவு கொண்டவள் துணைக் கதாபாத்திரம் ஆகிவிடுகிறாள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. அப்பா கடைசிவரை மனம் மாறாமலே போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த இருவரின் காதல் தோற்றதாகுமா? ஆகும் என்றால் இந்த அவையிடம் அதை வாய்திறந்து சொல்லுங்கள். ஆகாது என்றால் எங்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள்.